யானை இன்னும் கிணற்றுக்குள்

உலக இலக்கிய வரலாறு எழுதுகிறவர்கள் இதுவரை எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டு, சிட்லபாக்கம் மூன்றாவது குறுக்குத் தெருவிலிருந்து புதிதாகத் தொடங்குவது நல்லது. எழுத்தாளர்கள் தாமாக உருவாகிறார்கள் என்ற மூடநம்பிக்கையை ஒழித்து, ஆறே நாளில் ஒருவரைத் தயாரித்துக் காட்டிய வீராங்கனை ஜோசலின் அங்கேதான் குடியிருக்கிறார்.

ஜோசலினின் மகள் சுஜிக்கு ஏழு வயது. ஒரு கெட்ட பழக்கம் இருந்தது: படிப்பாள். பாடப் புத்தகமென்றால் மன்னிக்கலாம், கதைப் புத்தகம். இட்லி தின்னும்போது, ஸ்கூல் வேனில், சர்ச்சில் பிரசங்கம் நடக்கும்போது பைபிளுக்குள் ஒளித்து வைத்து. இவ்வளவு படித்தும் வீட்டுக்கு ஒரு கப் வந்ததில்லை. எதிர்வீட்டுத் தமிழினி ஒரு வரிகூடப் படிக்க மாட்டாள். ஸ்கேட்டிங்கில் நாலு கப்.

கேம்ப் ரோட்டில் டைல்ஸ் கடை மாடியில் இயங்கும் 'மழலை மேதை அகாடமி'யின் நிறுவனர் குப்புராஜ், நோயை ஒரே பார்வையில் கண்டுபிடித்தார்.

"இன்னா மேடம், படிச்சிகினே இருந்தா எப்போ எழுதறது? எட்டு வயசுக்குள்ள நாவல் போட்டா சாதனைப் பட்டியல்ல பேர் வரும். பாப்பாக்கு பர்த்டே எப்போ?"

"வர்ற ஞாயித்துக்கிழமை சார்."

"அய்யய்யோ, சனிக்கிழமைதான் நம்ம ஃபங்ஷனே! ஆறு நாள்தான் கீது. மொதல்ல அந்தப் புக்கைப் புடுங்குங்க."

அன்று மாலையே சிகிச்சை ஆரம்பமானது. சுஜி அப்போது, கிணற்றில் விழுந்துவிட்ட ஒரு யானையின் கதையைப் படித்துக்கொண்டிருந்தாள். இன்னும் பதினெட்டுப் பக்கம் பாக்கி. ஜோசலின் புத்தகத்தைப் பிடுங்கி, பீரோவில் பட்டுப் புடவைகளுக்கு நடுவே வைத்துப் பூட்டி, சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

"அம்மா, யானை வெளிய வந்துச்சான்னு மட்டும் பாத்துச் சொல்லும்மா."

"நீ நாவலை முடி. சாவி தர்றேன்."

சோபாவிலிருந்து கணவர் ஸ்டெபின், "பாவம் ஜோ, பதினெட்டுப் பக்கம்தானே..." என்றார்.

"சின்ன வயசுல படிச்சுப் படிச்சுத்தான் நீங்க இப்படி இருக்கீங்க."

எப்படி இருக்கிறோம் என்று கேட்கும் துணிச்சல் ஸ்டெபினுக்கு இல்லை.

நாவல் மின்னல் வேகத்தில் வளர்ந்தது. பெயர், 'ராஜாவும் எல்லாரும்'. முதல் அத்தியாயத்தில் ராஜா செத்தார். இரண்டாவதில் ராணி. மூன்றாவதில் மந்திரியும் அவர் வீட்டுப் பசுவும். ஐந்தாவது அத்தியாயத்தில் சாக ஆளில்லாமல் நாடே காலியானதால், சுஜி 'முற்றும்' போட்டுவிட்டுக் கையை நீட்டினாள்.

"சாவி?"

அகாடமியிலிருந்து போன் வந்தது. "மேடம், ரெண்டாயிரம் வார்த்தை இல்லாம நாவல்னு ஒத்துக்க மாட்டாங்க. இதுல அறுநூறுதான் கீது."

சுஜி பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தாள். ராஜா மிக மிக மிக மிக என்று ஏழு பக்கத்துக்கு மிக நல்லவராகிவிட்டு, அதன் பிறகே செத்தார். "நடை சூப்பர்" என்று குப்புராஜ் சான்றளித்தார்.

சனிக்கிழமை, பெருங்களத்தூர் மண்டபம் ஒன்றில் நாற்பத்து மூன்று நாவல்கள் ஒரே மணி நேரத்தில் வெளியிடப்பட்டன. மேடையில் நாற்பத்து மூன்று எழுத்தாளர்கள். கீழே அவர்களைப் படமெடுக்கும் எண்பத்தாறு பெற்றோர். வாசகர் என்று யாரும் வந்து விழாவின் தரத்தைக் கெடுக்கவில்லை. மண்டபத்தைப் பாதி வாடகைக்குத் தந்த காரணத்தால் சிறப்பு விருந்தினரான முனிரத்தினம் மைக்கைப் பிடித்தார்.

"இதுல ஒரு புக்கையும் நான் படிக்கல. படிக்காமயே சொல்றேன், எல்லாம் அருமை!"

கைதட்டல் அடங்க இரண்டு நிமிடம் ஆயிற்று. அவர் சுஜியிடம் குனிந்தார். "உனக்கு எழுதணும்னு எப்படிமா தோணுச்சு?"

"யானை கிணத்துக்குள்ள இருக்கு அங்கிள்."

குப்புராஜ் பாய்ந்து மைக்கைப் பறித்தார். "பாத்தீங்களா! ஏழு வயசுல இன்னா ஆழம்!"

மீண்டும் கைதட்டல்.

வீடு திரும்பியதும் சாவி கிடைத்தது. சுஜி ஷூவைக்கூடக் கழற்றாமல், பீரோ கதவில் சாய்ந்து நின்றபடியே பதினெட்டுப் பக்கத்தையும் படித்தாள்.

"வந்துச்சா?" என்றார் ஸ்டெபின், மெல்லிய குரலில்.

"வந்துச்சுப்பா."

ஸ்டெபின் ஆறு நாளில் முதல்முறையாக நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமை சுஜிக்கு எட்டு வயதாகி, இலக்கிய உலகுக்கு அவளால் இனிப் பயனில்லை என்றானது. ஆனால் அன்று மத்தியானம் அதிசயம் நடந்தது. யாரும் சொல்லாமலே, ஒரு நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு நாக்கைத் துருத்தி எழுத ஆரம்பித்தாள். ஜோசலினுக்குக் கண் கலங்கியது. தன் உழைப்பு வீண்போகவில்லை! பூனைபோல் பின்னால் போய் எட்டிப் பார்த்தார்.

'ஒரு ஊரில் ஓர் அம்மா இருந்தாள். அவளை யாரோ பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்கள்.'

"என்னடி இது?"

"கதைம்மா."

"அப்புறம்... அந்த அம்மா வெளிய வந்துடுவாங்கல்ல?"

சுஜி பென்சிலைக் கடித்து யோசித்தாள்.

"தெரியலம்மா. இன்னும் பதினெட்டுப் பக்கம் பாக்கி இருக்கு."