சலவை அறையில் எய்ர்

போன வியாழக்கிழமை, எங்கள் முறை என்று நாள் மாறி நினைத்து, அழுக்குக் கூடையோடு நிலவறைக்கு இறங்கியபோதுதான் ஒரு யோசனை என் தலையில் விழுந்தது. கட்டடத்துப் பொதுச் சலவை அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே மெஷின் முழு வேகத்தில் சுற்ற, அதற்கும் மேலால் ஒருவர் பிள்ளையைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"எய்ர்! எய்ர்! இஞ்சை வாங்கோ குஞ்சு!"

உள்ளே குஞ்சும் இல்லை, குருமானும் இல்லை. எங்களுக்குக் கீழ்வீட்டு லேபிள் அண்ணை மட்டும்தான்.

சுவிஸின் ஆரா நகரில் பிறந்த தமிழ்ப் பிள்ளைகளில் பாதிக்குப் பெயர் வைத்தவர் அவர். அந்தப் பாதியில் ஒன்றைக்கூட மடியில் வைத்ததில்லை. முதியோர் இல்லத்துச் சலவைப் பகுதியில் வேலை. ஒருவர் காலுறை இன்னொருவர் காலுக்குப் போகாமல் ஒவ்வொரு துணியிலும் பெயர் லேபிள் ஒட்டவேண்டும். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. தனி மனிதர், தன் துவாய்த் துண்டிலும் குடையிலும் தலையணையிலும் தன் பெயரை ஒட்டியிருந்தார்.

"ஆர் அண்ணை உங்கட துவாயை எடுக்கப் போகினம்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஒருத்தரும் எடுக்கமாட்டினம். இடைக்கிடை நான் வாசிக்கத்தான்."

பெயர் கேட்டு வருகிறவர்களுக்கு நட்சத்திர எழுத்து, எண்சாத்திரக் கூட்டுத்தொகை, சுவிஸ் டீச்சரின் நாக்கு மூன்றும் பொருந்தவேண்டும். அவருக்கு நாலாவதாக ஒரு பரீட்சை இருந்தது. யன்னலைத் திறந்து, முற்றத்தைப் பார்த்து மூன்று தரம் கூப்பிடுவார். "கூப்பிடேலாத பேர் ஒரு பேரே?" சத்தம் வருமென்று வெற்றுப் போத்தல்கூடத் தொட்டியில் போட முடியாத ஒரு ஞாயிற்றுக்கிழமையில் "துவாரகன்!" என்று கூப்பிட்டதற்குக் கட்டட நிர்வாகத்திடமிருந்து கடிதம் வந்தது. பரீட்சை நிலவறைக்கு மாறியது. முதல்நாளே கீழ்மாடிச் சுவிஸ் அம்மா பதறிக்கொண்டு ஓடிவந்தார்.

"உங்கள் பிள்ளை மெஷினுக்குள்ளேயா?"

"பிள்ளை இல்லை. பேர் மட்டும்தான்."

பெயரை வாங்கிப்போன பெற்றோர் எல்லோரும் ஊருக்குச் சொல்வது ஒரே வசனம்: "நாங்களே நெட்டில தேடி எடுத்தது." முப்பத்தோராம் நாள் கொண்டாட்டத்துக்கு அவருக்கு அழைப்பு வராது. "ஒரு பேரையாவது, உரிய ஆள் முன்னால நிக்கக் கூப்பிட்டுப் பாக்கவேணும் பிள்ளை" என்பார், பகிடி போல.

பிறகு என் அக்காவுக்குப் பிள்ளை நாளுக்கு முந்திப் பிறந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் கையளவு பிள்ளை. பெட்டியில் குடும்பப் பெயர் மட்டும். ஆஸ்பத்திரியில் பெயர் கேட்டு அவசரப்படுத்தினார்கள். நான் படிகளில் பாய்ந்து இறங்கி அண்ணையின் கதவைத் தட்டினேன். அவர் எழுத்துக் கேட்கவில்லை, கூட்டுத்தொகை கேட்கவில்லை, யன்னலையும் திறக்கவில்லை. பர்ஸிலிருந்து ஒரு பழைய லேபிளை எடுத்தார்.

"எய்ர். எங்கட இல்லத்தில இருந்த ஒரு நோர்வேக்கார ஆச்சியின்ர பேர். ஆச்சி போனபிறகு நான்தான் கழட்டினனான். வடக்குப் பக்கத்துப் பழங்கதையில ஒரு சின்னத் தெய்வமாம். ஒண்டிரண்டு வரியிலதான் வாறா. ஆனா வைத்தியத்தில அவவை அடிக்க ஆளில்லை. கருணை, உதவி, காவல் எண்டு கருத்து. அங்கை இப்பவும் பொம்பிளைப் பிள்ளையளுக்கு வைக்கினம். ஒரு வருசமா ஒருத்தருக்கும் குடுக்காமப் பொத்தி வைச்சனான்."

படியேறும்போதே கைபேசியில் தேடினேன். அவர் சொன்னதில் ஒன்றும் பிசகவில்லை.

"ஐயரைக் கூப்பிடுற மாதிரியெல்லோ கிடக்கு" என்றார் அத்தான், ஆஸ்பத்திரியில் பெயரைக் கேட்டதும்.

"கிடக்கட்டும்" என்றாள் அக்கா, கண்ணாடியிலிருந்து கையை எடுக்காமல். "வைத்தியம் தெரிஞ்சவ எண்டால் காணும்."

எய்ர் தேறி வீட்டுக்கு வந்தாள். மண்டபம் நிறையக் கொண்டாட்டம். "வடிவான பேர், ஆர் வைச்சது?" என்று யாரோ கேட்க, அக்கா சொன்னாள்: "நாங்களே நெட்டில தேடி எடுத்தது." நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயில் வடை இருந்தது. அது ஒரு சாட்டில்லை.

திரும்பி வந்தபோது எங்கள் வீட்டுக் கதவுக் கைப்பிடியில் ஒரு பை தொங்கியது. உள்ளே பெருவிரல் அளவில் இரண்டு காலுறைகள், இரண்டிலும் எய்ர் என்று லேபிள். தந்தவர் பெயர் எங்கும் இல்லை. தலையணையில்கூடத் தன் பெயரை ஒட்டிய மனிதர்!

போன வியாழன் அந்தக் கதவைத் திறக்க எனக்குத் துணிவு வரவில்லை. மேலே வந்து அக்காவிடம் எல்லாம் சொன்னேன். எய்ரை ஒருதரம் அவர் முன்னால் கொண்டுபோவோம் என்றேன். அவள் அந்தக் காலுறைகளைத் தேடி எடுத்தாள். "அந்த இரைச்சல் பிள்ளைக்குக் கூடாது. மெஷினை நிப்பாட்டச் சொல்லு" என்றாள்.

நாளை வியாழன், அண்ணையின் முறை. அந்தக் காலுறைகளைப் போட்டு எய்ரைத் தூக்கிக்கொண்டு நானும் அக்காவும் இறங்கப்போகிறோம். கூப்பிட்டால் திரும்புகிற வயது அவளுக்கு இன்னும் வரவில்லை என்கிறார் அத்தான்.

பரவாயில்லை. அண்ணை எப்படியும் மூன்று தரம் கூப்பிடுவார்.