எம்.ஆர்.ஐ.க்குள் ஒரு நலம் விசாரிப்பு

தனியாக இருக்கும் கிழவனிடம் யாரும் நலம் விசாரிக்கக் கூடாது. விசாரித்தால் பதில் சொல்லிவிடுவான்.

மகன் குமார் வேலைக்காக, மராத்தி பேசும் வாகட்டுக்கு வந்தான். என் மனைவி காலமான பிறகு நானும் வந்து சேர்ந்தேன். அவன் ஆபீஸ் கிளம்பினால் மாலைவரை என் காதில் விழும் வாக்கியங்கள் மூன்று. (எண்ணியிருக்கிறேன். அதில் இரண்டு, லிஃப்ட் பேசுவது.)

கழுத்து வலி கைவிரல்வரை இறங்கியதும், எலும்புகளுக்கு நடுவே தட்டு பிதுங்கியிருக்கிறதா, ஆபரேஷன் தேவையா என்று பார்க்க டாக்டர் எம்.ஆர்.ஐ. எழுதினார். குமார் லீவு போடுகிறேன் என்றான்.

"எதுக்குடா? படுத்துக் கிடக்கிற வேலைதானே!" என்று வீரம் பேசிவிட்டு ஆட்டோவில் போனேன். அவனைத் தொந்தரவு செய்யக் கூடாது. அன்று எனக்கு அது ஒன்றுதான் லட்சியம்.

தலைக்குக் கூண்டு மாட்டி உள்ளே தள்ளினார்கள். "காகா, ஹலூ நகா" என்றாள் படமெடுக்கும் பெண். (பெரியவரே, அசையாதீர்கள்.) இயந்திரம் தட்டத் தொடங்கியது. நூற்றுப்பன்னிரண்டு தட்டுவரை பிணம்போலக் கிடந்தேன். சத்தம் நின்றது. காதுக்குள் அவள் குரல்: "காகா, டீக் ஆஹாத் நா?"

நன்றாக இருக்கிறீர்களா என்று ஒருத்தி கேட்கிறாள். தலையாட்டிவிட்டேன்.

படம் முதலிலிருந்து. அடுத்த முறை வாயால் மட்டும் பதில் சொன்னேன். அதோடு விட்டேனா? தூக்கம் வராததையும், இந்த ஊரில் பருப்பில்கூட வெல்லம் போடுவதையும் என் உடைந்த இந்தியில் விவரித்தேன். தட்டல் தொடங்கியும் தாடை நிற்கவில்லை. மூன்றாம் முறை வாயை இறுக்க மூடிக்கொண்டேன். தலை ஆடிவிட்டது.

"காகா, சாத் மே கௌன் ஹை?"

கூட யார் வந்திருக்கிறார்கள் என்கிறாள். மகனுக்கு ஆபீஸ், தொந்தரவு செய்யாதே என்றேன்.

படிவத்தில் இருந்த நம்பரைப் பார்த்து அவளே குமாருக்கு போன் செய்தாள். ஆபீஸை விட்டு ஓடி வந்தவன், பெல்ட், வாட்ச், பர்ஸ் எல்லாம் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தான்.

"என்னப்பா, சும்மா படுத்திருக்கத் தெரியாதா?"

"அந்தப் பொண்ணு கேக்குதேடா. பதில் சொல்லாம எப்படி இருக்கிறது?"

"கேட்டா கேக்கட்டும். நான் காலைப் பிடிச்சுக்கறேன். ஆடினீங்க, கிள்ளிடுவேன்."

என் பாதத்தில் அவன் கை இருந்தது. அந்த முறை எத்தனை தட்டு என்று எண்ணவில்லை.

படம் தெளிவாக வந்தது. பிதுக்கம் சின்னதுதான், ஆபரேஷன் வேண்டாம்.

இப்போதெல்லாம் மதியம் ஆபீஸிலிருந்து கூப்பிடுகிறான். "அப்பா, டீக் ஆஹாத் நா? ஆடாம சொல்லுங்க!" பின்னால் அவன் சிநேகிதர்கள் சிரிப்பது கேட்கும். ஆக, வாக்கியங்கள் ஐந்து.

நான் வாய் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டுவேன். போனில் அது தெரியாது.

"அப்பா, லைன்ல இருக்கீங்களா?" என்பான்.

அது ஆறாவது.