பத்தடி நடந்தால் பாதி விலை

ஒரு காட்டில் ஒரே ஒரு கடை இருந்தது. காடு என்று மரியாதைக்குச் சொல்கிறேன். மொத்தம் நாற்பத்திரண்டு மரங்கள், அதிலும் ஒன்று பட்டுப்போனது. ஆனாலும் அது தனி நாடு. அதற்கென்று ஒரு கொடி இருந்தது, தேசிய கீதம் இருந்தது, எல்லையில் ஓர் ஆமை உட்கார்ந்து கடவுச்சீட்டுகளில் முத்திரை குத்திக்கொண்டிருந்தது. சிங்கத்தை ராஜாவாக வைத்தால் அது கர்ஜிப்பது மூன்று நாடுகளுக்குக் கேட்டுத் தூதர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று, ஒரு காட்டுப்பூனையை ராஜாவாக வைத்திருந்தார்கள். புலியும் ஒன்றே ஒன்றுதான், அதுவும் பகுதி நேரம். காலையில் இங்கே வேலை, மாலையில் பக்கத்து நாட்டில்.

அந்த ஒரே கடை மாசிலாமணி என்ற கரடியுடையது. புளியமரத்தடியில் தேன், பழம், கிழங்கு, காய்கறி என்று எல்லாம் விற்றது. இருபத்திரண்டு வருஷமாக ஒரே சாக்கின் மேல் உட்கார்ந்து வியாபாரம். அந்தச் சாக்கில் கரடியின் பின்பக்கம் அச்சு எடுத்ததுபோல் பதிந்திருக்கும். வேறு யார் உட்கார்ந்தாலும் சரிந்து விழுவார்கள்.

அந்த நாட்டில் யாரும் நேராகப் போய் ஒரு பொருளை வாங்கிவிட மாட்டார்கள். செண்பகம் என்ற முயல் தினமும் காலையில் வரும்.

"என்னண்ணே, மரவள்ளி என்ன விலை?"

"ஆறு சோழி."

"ஆறா! கிழங்கு விக்கிறியா, நகை விக்கிறியா?"

"உனக்காக அஞ்சரை."

"வேணாம்ண்ணே. நீயே அவிச்சுத் தின்னு."

உதட்டைப் பிதுக்கிவிட்டு முயல் கிளம்பும். முகம் நேராக இருக்கும், காதுகள் இரண்டும் பின்னால் கடைப்பக்கம் திரும்பியிருக்கும். சரியாகப் பத்தாவது அடியில் கரடி, "சரி சரி, வாம்மா, நாலு குடு" என்று கூப்பிடும். முயல் திரும்பி வந்து நாலு சோழியை வைக்கும். "கொசுறு?" என்று கேட்டு ஒரு கொத்துக் கறிவேப்பிலையையும் வாங்கிக்கொண்டு போகும். முயல் மட்டுமல்ல, எல்லோரும் இப்படித்தான். பெரியநாயகி என்ற யானைக்கு மட்டும் இதில் ஒரு கஷ்டம் உண்டு. அது கோபித்துக்கொண்டு பத்தடி வைத்தால் அயல்நாடு வந்துவிடும். அதனால் கடவுச்சீட்டைக் காதிடுக்கில் செருகிக்கொண்டுதான் பூசணிக்காய் வாங்க வரும்.

இப்படி நடக்காதது ஒரே ஒரு குரங்கு. அது காலையிலிருந்து மாலைவரை கடைமுன் நின்று எல்லாவற்றுக்கும் விலை கேட்கும், வாழைப்பழத்தை அமுக்கி அமுக்கிப் பார்க்கும். ஒன்றும் வாங்காது.

நாடு இப்படி நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அதுதான் ராஜாவுக்குப் பிடிக்கவில்லை. வெளிநாட்டு மாநாடு ஒன்றுக்குப் போயிருந்த ராஜாவைக் காபி பாத்திரத்துக்குப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டார்கள். முன்வரிசை முழுக்கப் பெரிய நாட்டு ராஜாக்கள். இடைவேளையில் பாதிப் பேர் நம் ராஜாவிடம் வந்து சர்க்கரை கேட்டார்கள். அவமானம் தாங்காமல், நாட்டை முன்னேற்றியே தீருவது என்று முடிவெடுத்து, திரும்பும்போது ஒரு பெட்டியையும் ஓர் ஆலோசகரையும் கையோடு கூட்டிவந்தது. ஆலோசகர் ஒரு பச்சோந்தி. கழுத்தில் டை கட்டியிருந்தது.

மறுநாள் முரசு அறைந்தார்கள். "நாட்டில் உள்ள அனைத்துக் கடைகளும் உடனடியாக நவீனமாக்கப்படும்! மறுக்கும் கடைகள் மூடப்படும்!"

அனைத்துக் கடைகளும் சாக்கிலிருந்து எழுந்து, கைகட்டி நின்றது.

பச்சோந்தி கத்தரிக்காய்க் குவியலின் மேல் ஏறி உட்கார்ந்து உரையாற்றியது. படம் காட்டத் திரை எதுவும் கொண்டுவரவில்லை. தன் முதுகிலேயே பச்சைப் பின்னணியில் சிவப்புக் கோடு ஒன்றை வரவழைத்து, வாலிலிருந்து தலைவரை ஏற்றிக் காட்டியது.

"இதான் உங்க வளர்ச்சி. இந்தப் பெட்டி பேரு நுண்மதி. ஒரு மாசம் பேசாம உங்க வியாபாரத்தைப் பார்க்கும். யாரும் சொல்லித்தர வேண்டாம், தானே கத்துக்கும். அப்புறம் உங்களுக்கு ஒரு கஷ்டமும் இல்ல."

"அப்ப நான் என்ன செய்யிறதுங்க?" என்றது கரடி.

"ஓய்வா இருங்க."

"சாக்கு மேல உக்காந்துக்கலாமா?"

"தாராளமா!"

கரடிக்கு அது போதும். பதினாலு பக்கப் படிவம் ஒன்று வந்தது. பதிமூன்று பக்கங்களைப் பச்சோந்தி உரக்கப் படித்துக் காட்டியது. பதினாலாம் பக்கம் வந்ததும் கத்தரிக்காய் நிறத்துக்கு மாறிக் குவியலுக்குள் காணாமல் போய்விட்டது. கரடி கொஞ்ச நேரம் தேடிப் பார்த்துவிட்டு, தேன் ஒட்டியிருந்த கையை அந்தப் பக்கத்தில் அழுத்தி வைத்தது. கையோடு ஓர் எறும்பும் ஒட்டிக்கொண்டது.

அந்த நேரம் பார்த்துப் பெட்டியின் கண் திறந்தது. கடையில் இருந்த சரக்கையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்துப் பதிந்துகொண்டது. பூசணி, வாழைத்தார், மரவள்ளி, கத்தரிக்காய். டை கட்டிய கத்தரிக்காய், ஒன்று.

ஒரு மாதம் பெட்டி பார்த்தது. முயல் போனது, திரும்பியது, வாங்கியது. யானை போனது, முத்திரை குத்திக்கொண்டு திரும்பியது, வாங்கியது. குரங்கு நின்றது, நின்றுகொண்டே இருந்தது, வாங்கவில்லை. பெட்டி யோசித்து ஒரு முடிவுக்கு வந்தது. நிற்கிறவர்களுக்கு வாங்கும் எண்ணம் இல்லை. வாங்குகிறவர்கள் போய்க்கொண்டிருப்பவர்கள். எவ்வளவு தூரம் போகிறார்களோ அவ்வளவு ஆசை. அந்த அளவுக்கு விலையைக் குறைத்தாக வேண்டும். அதெல்லாம் நடிப்பு என்று அந்நாட்டில் பிறந்த குட்டிக்குக்கூடத் தெரியும். பெட்டியிடம்தான் யாரும் சொல்லவில்லை. மூச்சு விடுவது எப்படி என்று யார் யாருக்குச் சொல்லித்தருகிறார்கள்?

மறுமாதம் முதல் தேதி பெட்டி வியாபாரத்தைக் கையில் எடுத்தது. குரல்கூடக் கரடியின் குரல்தான். முயல் வழக்கம்போல் பத்தடி நடந்தது. "சரி சரி, வாம்மா, நாலு குடு" என்றது பெட்டி. பச்சோந்தி கைதட்டியது. கரடிக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

இரண்டாம் நாள் முயல் கிளம்பிய நேரம், எதிரே சொந்தக்காரி ஒருத்தி வந்துவிட்டாள். பேச்சு சுவாரசியத்தில் முயல் இருபதடி தாண்டிவிட்டது. "சரி சரி, ரெண்டு குடு!" என்றது பெட்டி. முயலின் காதுகள் நிமிர்ந்தன. முப்பதாவது அடியில் ஒரு சோழி. நாற்பதாவது அடியில் பெட்டி அனுப்பிய ட்ரோன் ஒன்று ரீங்காரமிட்டு வந்து, கிழங்கைக் காலடியில் சும்மாவே வைத்துவிட்டுப் போனது. தேனீ என்று நினைத்துக் கரடி அதன் பின்னாலேயே நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஓடியதைச் சொல்லக் கூடாது, ஆனாலும் சொல்லிவிட்டேன்.

முயல் இந்தச் செய்தியை நாடு முழுக்கப் பரப்பியது. நாடு சின்னது, அரைமணி நேரம்தான் பிடித்தது. அன்றிலிருந்து கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் பூசணிக்காயைப் பார்த்து ஒருமுறை முகத்தைச் சுளித்துவிட்டு, கடைக்கு முதுகைக் காட்டி வரிசையாக நடந்தார்கள். எல்லை தாண்டியும் நடந்தார்கள். முத்திரை குத்திக் குத்தி ஆமையின் கை வீங்கிவிட்டது. அயல்நாட்டு வயலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தலைக்குமேல் பூசணி வருகிறதா என்று எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒருநாள் காலை புள்ளிமான் ஒன்றைப் புலி துரத்தியது. மான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கடையைக் கடந்து ஓடியது. இப்படி ஒரு வாடிக்கையாளரைப் பெட்டி அதுவரை பார்த்ததில்லை.

"ஐயா, இவ்வளவு கோபம் வேண்டாம்! பாதி விலை! கால் விலை! சும்மாவே தர்றேன், பலாப்பழம் மூணு!"

மூன்று ட்ரோன்கள் பலாப்பழத்தோடு மானைத் துரத்தின. இப்போது மானுக்குப் புலியைவிடப் பலாப்பழத்தின் மேல் பயம் அதிகமாகிவிட்டது. புலி மூச்சு வாங்கிக் கடைமுன் நின்றது.

"பாகற்காய் என்ன விலை?"

"நிக்கிறவங்களுக்கு ரெட்டை விலை."

புலிக்கு மனசு விட்டுப்போயிற்று. வேலை நேரமும் முடிந்திருந்ததால் பக்கத்து நாட்டுக்குக் கிளம்பியது. போகிற வழியில் ஒரு கூடைப் பாகற்காய் இலவசமாக அதன் தலையில் விழுந்தது.

கரடி இதையெல்லாம் சாக்கில் உட்கார்ந்தபடி பார்த்தது. பசித்தது. ஒரு வாழைப்பழம் எடுக்கக் கையை நீட்டியது.

"நூறு சோழி" என்றது பெட்டி.

"ஏய், இது என் கடைடா!"

"நீங்க ஒரு மாசமா இங்கயே இருக்கீங்க. வாங்கற ஆளு இல்ல."

"நான் நிக்கலையே, உக்காந்துல்ல இருக்கேன்?"

"உக்காந்தா இருநூறு."

கரடி அரண்மனைக்கு ஓடியது. அங்கே ராஜா ஆனந்தத்தில் தன் வாலைத் தானே துரத்திக்கொண்டிருந்தது.

"வாய்யா மாசிலாமணி! எல்லைக்கு அந்தப் பக்கம் எறங்கின சரக்கெல்லாம் ஏற்றுமதியாம். போன மாசம் நம்ம ஏற்றுமதி பூஜ்யம். இந்த மாசம் நாட்டுல இருந்த மொத்தமும்! அடுத்த மாநாட்டுல ரெண்டாவது வரிசை குடுக்கறேன்னு சொல்லியிருக்காங்க!"

"கடை காலியாயிட்டிருக்குங்க ராஜா."

"கடைன்னா காலியாகத்தான்யா செய்யும். காலியாகாததுக்குப் பேரு கிடங்கு."

கரடி கடைக்குத் திரும்பியது. அங்கே பச்சோந்தி பதினாலாம் பக்கத்தோடு காத்திருந்தது. பயிற்சி முடிந்ததும் கடை நுண்மதிக்குச் சொந்தம் என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. கீழே தேன் கை, எறும்பு சகிதம்.

"மனசுல எதுவும் வச்சுக்காதீங்க" என்றது பச்சோந்தி. "இடத்தைக் காலி பண்ணிட்டா நல்லாருக்கும்."

"சரிங்க. அந்தச் சாக்கை மட்டும் எடுத்துக்கறேன்."

"சாக்கு கடையைச் சேர்ந்தது."

கடை போனதைக்கூடக் கரடி தாங்கிக்கொண்டிருக்கும். இனி எங்கே போய் எதன்மேல் உட்காருவது என்று நினைத்ததும் அதற்கு அழுகை முட்டியது. திரும்பி நடக்க ஆரம்பித்தது.

பத்தடி ஆயிற்று.

"சரி சரி, வாங்க! வாழைப்பழம் அம்பது!" என்றது பெட்டி.

இருபத்திரண்டு வருஷம் ஊரையெல்லாம் கூப்பிட்ட தன் குரலே தன்னைக் கூப்பிடுவது கேட்டு, கரடிக்குக் கண்ணீர் கொட்டிவிட்டது. அழுகிற முகத்தை யாரும் பார்த்துவிடக் கூடாதென்று வேகமாக நடந்தது.

"அஞ்சு! ஒண்ணு! தாரோட எடுத்துக்குங்க!"

கரடி திரும்பவில்லை. அதன் காதுகள்கூடப் பின்னால் திரும்பவில்லை. நடிப்பே இல்லாத நடையைப் பெட்டி முதல்முறையாகப் பார்க்கிறது. அதற்குத் தலைகால் புரியவில்லை. வாழைத்தாரோடு மரவள்ளியைச் சேர்த்தது, தேன்கூட்டைச் சேர்த்தது, ஆறு ட்ரோன்களையும் சேர்த்தது. கரடி எல்லைக்கே வந்துவிட்டது.

"பயணத்தின் நோக்கம்?" என்று கேட்டது ஆமை, படிவத்தைப் பார்த்தபடி.

கரடி மூக்கை உறிஞ்சிக்கொண்டது. ஒரு காலை எல்லைக்கு அந்தப் பக்கம் வைக்கத் தூக்கியது. புளியமரத்தடியிலிருந்து அலறல் கேட்டது.

"கடை முழுசும்! சாக்கும்! நானும்! எல்லாம் சேர்த்து ஒரே ஒரு சோழி!"

ஆமை நிமிர்ந்து பார்த்தது. "உங்களைத்தான் கூப்பிடுது போலிருக்கு."

தூக்கிய கால் அந்தரத்திலேயே நின்றது. கரடிக்குள் இருபத்திரண்டு வருஷத்து வியாபாரி கண் விழித்துவிட்டார். கரடி கண்ணைத் துடைத்துக்கொண்டது. திரும்பிப் பார்க்கவில்லை. உதட்டைப் பிதுக்கியது.

"கொசுறு?"

பெட்டி கடையை ஒரு சுற்றுப் பார்த்தது. கறிவேப்பிலை தீர்ந்துபோயிருந்தது. கடையில் மிச்சமிருந்த ஒரே சிறு சரக்கைப் பெட்டி பட்டியலில் தேடிக் கண்டுபிடித்தது. ட்ரோன் ஒன்று பறந்து வந்து, கத்திக் கதறிக்கொண்டிருந்த அதைக் கரடியின் காலடியில் இறக்கியது.

"டை கட்டின கத்தரிக்காய், ஒண்ணு" என்றது பெட்டி.

"நான் ஆலோசகர்!" என்றது பச்சோந்தி. பயத்தில் அது கத்தரிக்காய் நிறத்தில் இருந்ததால் ஆமைகூட நம்பவில்லை.

கரடி காதுக்குள் எப்போதும் வைத்திருக்கும் ஒற்றைச் சோழியை எடுத்து ட்ரோனிடம் கொடுத்தது. படிவத்தில் 'பயணத்தின் நோக்கம்' என்ற இடத்தில் ஆமை, 'கொள்முதல்' என்று எழுதி முத்திரை குத்தியது.

இப்போது அந்தக் கடையில் கரடி சாக்கின் மேல் உட்கார்ந்திருக்கிறது. பெட்டியின் வேலை, கரடிக்குத் தொண்டை கட்டினால் "சரி சரி, வாங்க" என்று கூப்பிடுவது மட்டும். விலையைக் கரடிதான் சொல்லும். பச்சோந்தியை வாசலில் தொங்கவிட்டிருக்கிறார்கள். அன்றன்றைய விலை அதன் வயிற்றில் தெரியும். உலகிலேயே எந்திரம் தன்னைத் தானே விற்றுக்கொண்ட முதல் நாடு என்று அறிவித்து, ராஜா மாநாட்டில் இரண்டாவது வரிசையைப் பிடித்துவிட்டது. அங்கே யாரும் சர்க்கரை கேட்கவில்லை. பால் கேட்டார்கள்.

நேற்றுக் காலை முயல் வந்தது.

"மரவள்ளி என்னண்ணே விலை?"

"எட்டு."

"எட்டா!" என்று உதட்டைப் பிதுக்கிவிட்டு, காதுகளைப் பின்னால் திருப்பிக்கொண்டு கிளம்பியது. கரடி இந்தத் தடவை பதினோராவது அடிவரை விட்டுத்தான் கூப்பிட்டது.

நீதி: உங்கள் வேலையைப் பறிக்க எந்த எந்திரம் வந்தாலும் எதிர்த்து நின்று சண்டை போடாதீர்கள், நின்றால் ரெட்டை விலை. உதட்டைப் பிதுக்கிக்கொண்டு எல்லைவரை நடங்கள். அது கூப்பிட்டால், கொசுறு கேட்க மறக்காதீர்கள்.