ஓடும் காளைக்கு ஒரு சுண்ணாம்புக் கோடு

அவசரக்காரன் கையில் காமிரா கிடைக்கக் கூடாது. எனக்குக் கிடைத்தது. ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பு ஒன்றில் நான் குமாஸ்தாவாக இருந்தபோது, ஒரு துரை தம்முடைய மூன்று கால் காமிராவை என் தலையில் கட்டிவிட்டுச் சீமைக்குக் கப்பலேறினார். (தப்பித்தார் என்பது பின்னால்தான் புரிந்தது.)

நிற்பவர்களைப் படமெடுப்பதில் எனக்கு ருசியில்லை. ஓடுவதை எடுக்கவேண்டும் என்று ஆசை. ரஸ்தாவில் போன ஜட்கா ஒன்றை எடுத்தேன். படத்தில் பின்னாலிருந்த புளியமரம் இலை இலையாக விழுந்தது; குதிரை மட்டும் பஞ்சு மூட்டையாக விழுந்தது.

ஏன் இப்படி? மண்டையைக் குடைந்துகொண்டேன். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, கண்ணாடியில் தலைகீழாகத் தெரியும் உருவத்தை லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தித் தெளிவாக்க வேண்டும். தெளிந்ததும் கண்ணாடியை எடுத்துவிட்டுப் படம் பதியும் பிளேட்டைச் செருக வேண்டும். அப்புறம் நமக்கு ஒன்றும் தெரியாது. அதற்குள் குதிரை வாணியம்பாடி போய்ச் சேர்ந்திருக்கும்.

பல பிளேட்டுகளைப் பாழாக்கிய பிறகு ஞானம் பிறந்தது. ஓடுவதைத் துரத்தவே கூடாது. அது வரப்போகிற இடத்தை முன்கூட்டியே தெளிவாக்கி வைத்துக்கொண்டு, அங்கே வருகிற கணத்தில், லென்ஸின் கதவைத் திறந்து மூடும் ரப்பர் உருண்டையை அமுக்க வேண்டும். குறுக்கே ஓடுவதைவிட நம்மை நோக்கிச் சாய்வாக வந்தால் கலங்கலும் குறைவு. அடுத்த குதிரைக்குக் கடிவாளத்து வளையம்கூடத் தெளிவாக விழுந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தக் கர்வத்தோடுதான் தலைப்பொங்கலுக்கு மாதனூர்ப் பக்கம் மாமனார் வீட்டுக்குப் போனேன். பொங்கல் கழிந்து அங்கே மாடு விடுவார்கள். தெருவின் ஒரு முனையில் அவிழ்த்துவிட்ட காளை மறுமுனைக் கம்பத்தை எவ்வளவு சீக்கிரம் தாண்டுகிறது என்று கடிகாரம் பார்ப்பார்கள். மாமனாரின் செவலைக் காளை இரண்டு வருஷமாக முதல். மூன்றாவது வருஷமும் ஜெயித்தால் அதன் கொம்புக்கு வெள்ளிக் குப்பி மாட்டுவார்கள். அந்தக் குப்பியை நினைத்து மாமனார் தூங்கி ஆறு மாதமாயிற்று.

"நாலு காலும் தரையில படாம எடுத்துக் குடுப்பீங்களா, மாப்ளே?"

"வாலும் படாது, மாமா!" என்றேன். (வாய்தான்.)

காளை வரப்போகிற இடத்துக்கு அடையாளம் வேண்டுமே! வேறொருவன் என்றால் தெருவோரம் ஒரு கல்லை வைத்திருப்பான். தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறப்போடுவதையே நாள் முழுக்கப் பார்த்தவனுக்கு வேறென்ன தோன்றும்? ஆம்பூரிலிருந்தே ஒரு மூட்டைச் சுண்ணாம்புத் தூள் கொண்டுபோயிருந்தேன். முன்னால் ஓடும் மாடுகளின் குளம்பு அழித்துவிடக்கூடாதென்று, எங்கள் காளையின் முறைக்குச் சற்று முன்பு தெருவுக்குக் குறுக்கே ஒரு சாண் அகலத்துக்குப் பளீரென்று கோடு போட்டேன். மச்சான் பெருமாளை அதன்மேல் நிறுத்தினேன்.

"நீதான் மாடு. அசையாதே."

"இன்னா மச்சான், ஊரே சிரிக்குது. கொம்புக்குக் கையத் தூக்கணுமா?"

"தூக்கு!"

அவன் மீசை தலைகீழாகத் தெளிந்தது. பிளேட்டைச் செருகினேன். பெருமாள் ஓரத்துக்கு ஓடினான். காளையை அவிழ்த்தார்கள்.

புழுதியைக் கிழித்துக்கொண்டு வந்தது. அப்படி ஒரு ஓட்டத்தை நான் பார்த்ததில்லை. கோட்டுக்கு ஒரு முழம் இருக்கும்போது நாலு காலையும் ஊன்றிச் சட்டென்று நின்றுவிட்டது. குனிந்து கோட்டை முகர்ந்தது. பள்ளம் என்று நினைத்ததோ என்னவோ, தாண்ட மாட்டேன் என்றது. நானோ, "இன்னும் ஒரு முழம் முன்னால வா!" என்று காளையிடம் கத்தினேன்.

கடிகாரம் பிடித்திருந்த ஆம்பூர்த் தோல் மண்டிச் சாயபு எழுந்தே விட்டார். "அரே, கடியாரம் ஓடுது, மாடு நின்னுபோச்சே! இன்னா பேஜாரு இது!"

காளை தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. நான் செய்ததைச் சொல்ல வெட்கமாயிருக்கிறது: கறுப்புத் துணிக்குள் புகுந்து கண்ணை மூடிக்கொண்டேன். நான் பார்க்காவிட்டால் அதற்கும் நான் தெரியமாட்டேன் என்று ஒரு கணக்கு. கையிலிருந்த உருண்டையை என்னையறியாமல் அமுக்கிவிட்டேன். வெளியே வந்தபோது காளை வந்த வழியே வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. குப்பி குடியாத்தத்துக் காளைக்குப் போயிற்று.

மாமனார் இரண்டு நாள் பேசவில்லை. மனைவியோ பேசியே கொன்றாள். ஒரு மாதம் கழித்துப் படத்தைக் கொண்டுபோய் நீட்டினேன். அப்படி ஒரு தெளிவு! கண்ணிமை மயிரை எண்ணலாம். மாமனார் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் கீது. நிக்கிற மாட்டத்தான் எடுக்கணும்னா கொட்டாயிலயே எடுத்திருக்கலாமே, மாப்ளே? நானே புடிச்சிக்கினு நின்னிருப்பனே!"

மறுவருஷம் செவலை ஜெயித்தது. நான் அன்று அந்தத் தெருவில் இல்லை. பெருமாள் என்னை நெல் குதிர் இருக்கும் அறையில் விட்டு வெளியே தாழ் போட்டிருந்தான். அதிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. எனக்கு நரை விழுந்துவிட்டது. செவலையின் பேரன் ஓடுகிறது. இப்போதும் மாடு விடுகிற அன்று காலையில் மாமனார் வாசலில் நின்று ஊர் கேட்கக் குரல் கொடுப்பார்:

"மாப்ளையக் கட்டியாச்சா? அப்போ மாட்ட அவுருங்கடா!"