வேடிக்கை ஓட்டிய தபால் கார்

தாம்பரத்துக்கும் வேளச்சேரிக்கும் நடுவே கார் ஓட்டுகிறவர்களில், வாழ்நாளில் ஒரே ஒரு நாள் தவிர எந்த வாகனத்தையும் முந்தாத மனிதர் எங்கள் தபால்காரர் வேடிக்கை மட்டும்தான். சைக்கிள்கள் அவரை முந்தின. தண்ணீர் கேன் வண்டிகள் முந்தின. ஒருமுறை மேடவாக்கம் பக்கம் ஒரு சவ ஊர்வலமே அவரை முந்திக்கொண்டு போனது. மேளம் அடித்தவர்கள் திரும்பிப் பார்த்து அவருக்காக அனுதாபப்பட்டதாகக் கேள்வி.

அவருக்கு ஒரு நல்ல பெயர் இருந்தது. அது வருகைப் பதிவேட்டோடு சரி. எதையும் நின்று வேடிக்கை பார்ப்பார் என்பதால் டீக்கடைக்காரர் முதல் போஸ்ட் மாஸ்டர் வரை எல்லோருக்கும் அவர் வேடிக்கைதான். குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளம், கம்பியில் நனைந்துகொண்டிருக்கும் காக்கை, ஈரச் சுவரில் தெரிகிற ஏதோ ஓர் உருவம், எதுவானாலும் போதும். நான் அந்த அஞ்சலகத்தில் கவுன்ட்டர் குமாஸ்தா. காலையில் கடிதங்களைப் பிரிக்கும்போது, ஓர் உறையைக் கையில் வைத்துக்கொண்டு, ஸ்டாம்பில் இருக்கும் பறவையோடு ஐந்து நிமிடம் எங்கோ போய்விட்டு வருவார். திரும்பி வந்ததும் மிகச் சரியான அடுக்கில் அந்த உறையை வைப்பார். அவர் தபால் கொடுக்கும் பீட்டில் ஒரு கடிதம்கூடத் தவறான வீட்டுக்குப் போனதில்லை. சற்றுத் தாமதமாகப் போகும், அவ்வளவுதான்.

மறைமலை நகரில் வேலை பார்த்த அவருடைய மச்சான் புதுக் கார் வாங்கியபோது, பழையதை இவர் தலையில் கட்டிவிட்டார். வெளுத்துப்போன நீல நிறத்தில் ஒரு சின்னக் கார். ஞாயிற்றுக்கிழமை விடியலில் மனைவியைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தோரம் போய் நிறுத்துவார். தண்ணீரின் மேல் நின்ற வெண்மூட்டம் மெல்லக் கலையும். கூழைக்கடாக்கள் தூக்கம் கலையாமல் மிதந்து வரும். இருவரும் பேசாமல் ஃபிளாஸ்க் காபி குடித்துவிட்டு, வந்த வேகத்திலேயே திரும்புவார்கள்.

“இவரு காரை ஓட்டல சார், மேய்க்கிறாரு” என்று அந்த அம்மாள் ஒருநாள் என்னிடம் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை.

இதற்கிடையில் ஊர் வளர்ந்தது. பெரும்பாக்கத்தில் குடியிருப்புகள் பெருகின. செல்போனில் விரலால் தொட்டு வாங்குகிற சாமான்கள் எல்லாம் எங்கள் வாசலில் மலையாய்க் குவிந்தன. தபால் இன்ஸ்பெக்டர் ஒருநாள் எல்லோரையும் கூப்பிட்டார்.

“கார் வச்சிருக்கிறவங்க கொஞ்ச நாளைக்கு சொந்த வண்டியிலயே பார்சலை எடுத்துட்டுப் போங்க. ஒரு அட்ஜஸ்ட்மென்ட்தான்.”

எழுத்தில் ஒன்றும் தரவில்லை. எங்கள் அஞ்சலகத்தில் கார் வைத்திருந்தவர் ஒருவர்தான். எல்லா முகங்களும் அவர் பக்கம் திரும்பின. அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சரி சார்” என்றார், விசிறியிடம்.

எங்கள் சங்கச் செயலாளர் செல்வராஜுக்கு வந்ததே கோபம். வெளியே இழுத்துக்கொண்டு போய், “அண்ணா, இன்னிக்கு நீ எடுத்துட்டுப் போனா நாளைக்கு எல்லாரையும் கார் வாங்கச் சொல்லுவாங்க. முடியாதுன்னு சொல்லு” என்றார்.

“நான் ஆபீஸுக்கு ஓட்டலப்பா. பார்சலுங்களுக்கு லிஃப்ட் குடுக்குறேன். பாவம், மூட்டைக்குள்ள மூச்சு முட்டிக்கினு கீதுங்க.”

அன்றோடு செல்வராஜ் அவரிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். பிறகு மற்றவர்களும் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். வேடிக்கைக்கு அது தெரிந்ததா என்று எனக்கு வெகுநாள் சந்தேகம். ஒரு மத்தியானம் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், “இன்னா சார், ரூம்பு ரொம்பப் பெருசாயிடுச்சு” என்றார். தெரிந்துதான் இருந்தது.

காரில் தபால் போன அழகே தனி. உடையக்கூடிய பார்சல் முன் சீட்டில் பெல்ட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஒரு மிக்ஸி அப்படிப் போவதைக் கேம்ப் ரோடு சிக்னலில் நானே பார்த்தேன். பின்னால் இருபது வண்டிகள் கதறினாலும் இவர் ஹாரனைத் தொடமாட்டார். கேட்டால், “பறவைங்க பயந்துக்கும் சார்” என்பார். கேம்ப் ரோட்டில் ஏது பறவை என்று நான் கேட்கவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கலாம்.

இரண்டு மாதம் இப்படி நகர்ந்தது. ஐப்பசி மழையில் ஒருநாள் பெரும்பாக்கத்தில் பார்சல் கொடுத்துக்கொண்டிருந்தவரை, அங்கே மீன் விற்கும் தனம் ஓடிவந்து மறித்தாள்.

“அண்ணா, பொண்ணுக்கு வலி எடுத்துகிச்சு. ஒரு ஆட்டோவும் வரமாட்டேங்குது.”

வேடிக்கை அவளையும் பார்த்தார், மழையையும் பார்த்தார். பின் சீட்டில் இருந்த பார்சல்களை வாரி டிக்கியில் போட்டார். முன் சீட்டுப் பார்சலுக்குப் பெல்ட்டைக் கழற்றினார்.

“ஏறுங்க” என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததைத் தனம் எங்கள் கவுன்ட்டருக்கே வந்து சொன்னாள். “பஸ்ஸ முந்திகினு போனாரு, லாரிய முந்திகினு போனாரு. ஹாரன்ல வச்ச கைய எடுக்கவே இல்ல சார். நான் வூட்டு சாமியெல்லாம் கூப்புட்டேன், பொண்ணுக்காக இல்ல, வண்டிக்காக.” ஆஸ்பத்திரிக்குள் நுழைந்த அரை மணியில் பெண் குழந்தை பிறந்தது.

அன்று அஞ்சலகம் மூடும் நேரத்தில், பாதிப் பார்சல்களோடு அவர் திரும்பி வந்தார். வெளியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

“ரொம்ப வேகமா போயிட்டேன் சார். கொஞ்ச நேரம் குந்திக்கினு இருக்கேன்.”

பக்கத்தில் போய் நானும் உட்கார்ந்தேன். மழை விட்டு, தேங்கிய தண்ணீரில் எதிர் மாடியின் விளக்குகள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தன. வெகுநேரம் இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வேடிக்கை பார்ப்பது அவ்வளவு ஒன்றும் மோசமான காரியமில்லை என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

பார்சல் வராத யாரோ புகார் எழுத, இன்ஸ்பெக்டர் வந்தார். மெமோ கொடுக்கப் போகிறார் என்று எல்லோரும் வேலையை விட்டுவிட்டு நின்றோம்.

“பார்சல் ஏத்துன வண்டியில வெளியாளை எப்படி ஏத்தலாம்?”

“என் சொந்த வண்டி சார்.”

“ஆபீஸ் வேலையில இருக்கும்போது அது ஆபீஸ் வண்டிதான்.”

வேடிக்கையின் முகம் மலர்ந்தது. “அப்டீங்களா? அப்ப இது ஆபீஸ் வண்டின்னு எழுதிக் குடுத்துடுங்க சார். இனிமே யாரையும் ஏத்த மாட்டேன்.”

அவர் சாமர்த்தியமாகப் பேசவில்லை. உண்மையாகவே கேட்டார், பேனாவையும் நீட்டினார். இன்ஸ்பெக்டர் அந்தப் பேனாவைப் பார்த்தார். அப்படி ஒன்றை எழுதிக் கையெழுத்துப் போட்டால் அதன் பின்னால் பெட்ரோல் பில் முதல் விபத்துப் பொறுப்பு வரை என்னவெல்லாம் வரும் என்று அவருக்குத் தெரியும். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் பார்சலுக்கென்று ஒரு லோடு ஆட்டோ வந்தது. சொந்தக் கார் பேச்சு அதன்பின் எழவில்லை.

செல்வராஜ் இரண்டு டீ வாங்கிக்கொண்டு வந்து, ஒன்றை வேடிக்கையிடம் கொடுத்தார்.

“பார்சலுக்கு வண்டி கேட்டு சங்கம் ஆறு மனு எழுதியும் நடக்கல. எப்படிண்ணா இதை யோசிச்சே?”

“எதைப்பா?” என்றார் வேடிக்கை.

நாங்கள் இருவருமே இப்போது ஓய்வு பெற்றுவிட்டோம். போன மாதம் ஒரு மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் சேலையூரில் என் வீட்டுக்கு வந்தார். பால்கனியில் உட்கார்ந்து, எதிர் மொட்டை மாடியில் காயும் புடவைகளை ஒரு மணி நேரம் பார்த்தார். காபி குடித்தார். வரேன் சார் என்று போய்விட்டார். ஏதாவது உதவி கேட்க வந்து தயங்கினாரோ என்று மறுநாள் போன் செய்தேன்.

“இல்ல சார். பாக்கணும்னு தோணுச்சு.”

“மறுபடி எப்ப வருவீங்க?”

“தெர்ல சார். தோணுனா வரேன்.”

அதிலிருந்து மத்தியானங்களில் நான் வெளியே எங்கும் போவதில்லை. வீட்டில் கேட்டால், முழங்கால் வலி என்று சொல்லிவைத்திருக்கிறேன்.