சந்தனத்தின் மேல் பழி

தங்காக்,
வெள்ளிக்கிழமை

செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்ளும் சிங்கப்பூர் ஃபேக்டரியில் பெரிய வேலை பார்க்கும் என் பேரன் சிரஞ்சீவி சரணுக்கு, பாட்டி கஸ்தூரி ஆசீர்வதித்து எழுதுவது. நான், உன் அம்மா, கடையிலிருக்கும் தையல் மெஷின்கள் எல்லோரும் நலம். நீயும் நலம் என்று நம்புகிறேன். போனை எடுக்காதவனைப் பற்றி நம்பத்தான் முடியும்.

நிற்க. ஆயுத பூஜையன்று எல்லா மெஷின்களுக்கும் வைத்ததுபோல, நீ யூனிக்ஸ் போட்டு வைத்த கடைக் கம்ப்யூட்டருக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். மறுநாள் பிரவீனாவின் கல்யாண ரவிக்கைக்கு மயில் டிசைனை கேபிள் வழியாக எம்ப்ராய்டரி மெஷினுக்கு அனுப்பினால் போகவில்லை. பென்டிரைவில் போடலாமே என்பாய். அந்த ஓட்டையைப் போன வருஷம் உடைத்தவன் நீதான். ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம், மயில் கம்ப்யூட்டருக்குள்ளே, பிரவீனாவின் அம்மா கடைக்குள்ளே. உன் அம்மா பின்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, "அத்தை, கேபிள் சொருகுற ஓட்டைக்குள்ள சந்தனத்த அப்புனது யாரு?" என்றாள். "விளக்கு மின்னுற இடம்தானம்மா அதுக்கு நெத்தி" என்றேன். அதற்கு அவள் பார்த்த பார்வையைக் கடிதத்தில் எழுத முடியாது.

கம்ப்யூட்டர் கடை ஜெயபாலன் வந்து, காது குடையும் பஞ்சால் குடைந்து பார்த்து, உதட்டைப் பிதுக்கி, கேபிள் சொருக புது நெட்வொர்க் கார்டு ஒன்றை மாட்டினான். அப்போதும் மயில் நகரவில்லை. பார்த்தாயா, சந்தனமே இல்லாத கார்டும் ஓடவில்லை என்றால் குற்றம் யார் மேல்? அவனோ, "இந்த யூனிக்ஸெல்லாம் நமக்கு வேணாம் லா, பாட்டி. எல்லாத்தையும் அழிச்சிட்டு வேற போட்டுடலாம்" என்றான். எல்லாம் என்றால் மயிலும்தானே? அவனைத் தே தாரிக் குடிக்க அனுப்பிவிட்டு நாற்காலியில் நான் உட்கார்ந்தேன்.

லீவில் வந்தபோது நீ சொல்லிக் கொடுத்த இஃப்கான்ஃபிக் என்ற கட்டளையை அடித்தேன். புதுக் கார்டை இயக்கும் டிரைவர் புரோகிராம் தன் பேரை 'ஆர்-இ-பூஜ்யம்' என்கிறது. மெஷினுக்கு வழி சொல்லி நீ எழுதி வைத்த ஃபைலிலோ எல்லாம் பழைய கார்டு 'இ-எம்-பூஜ்யம்' பேரில். அஞ்சாம் வகுப்பில் ஏபிசிடி படித்தவளுக்கு இது தெரியாதா? காலி பண்ணிப் போனவன் பேருக்கே பத்திரிகை வைத்தால், புதுசாகக் குடிவந்தவன் எப்படிக் கல்யாணத்துக்கு வருவான்? பேரை மாற்ற பாஸ்வர்ட் கேட்டது. உன் அத்தை மகள் லோஷினியின் பேரைப் போட்டதும் திறந்தது. அதைப் பற்றி நேரில் பேசுவோம். மறுபடி தொடங்கச் சொன்னேன், பச்சை விளக்கு கண்ணடித்தது, மயில் போய்ச் சேர்ந்தது, ரவிக்கை தைத்தாகிவிட்டது. ஜெயபாலன் திரும்பி வந்து, "அலமாக், எப்படி பாட்டி?" என்றான். "பேரச் சொல்லிக் கூப்புட்டேன், வந்துட்டான்" என்றேன்.

ஆகவே கெட்டது டிரைவர் சமாச்சாரம், என் சந்தனமல்ல என்று உன் அம்மாவுக்கு நீ எழுத்தில் தெரிவிக்க வேண்டும். எந்த கேபிளும் கழன்று போகாமல், எந்தப் பெண்ணின் பேரையும் ஒளித்து வைக்காமல் தீர்க்காயுசாக இரு.

அன்புடன்,
உன் பாட்டி கஸ்தூரி

பி.கு.: புதுக் கார்டு பூஜைக்குப் பிறகு வந்த பொருள். பொட்டில்லாமல் மூளியாக நிற்பதைப் பார்க்க மனசு கேட்கவில்லை. இப்போதுதான், துளியூண்டு, வைத்தேன். பச்சை விளக்கு அணைந்துவிட்டது. பிரவீனாவின் வரவேற்பு ரவிக்கைக்கான அன்னம் இன்னும் உள்ளேதான் இருக்கிறது. இதைக் கொண்டுவரும் பக்கத்துக் கடை காளியப்பனோடு அதே பஸ்ஸில் ஏறி வா. கையோடு ஒரு கார்டும் வாங்கி வா. உன் அம்மா கேட்டால், டிரைவர் என்று சொல்.