முழத்துக்கு நாலு விரற்கடை

தலைமுடியைப் பற்றிக் கவலைப்படாதவனுக்கு அது தன்பாட்டுக்கு வளரும். கவலைப்பட ஆரம்பித்தால் அதற்கும் தெரிந்துவிடும். என் ஆயுசில் நான் ஆராய்ச்சி என்று செய்தது ஒன்றே ஒன்று. என் குடுமி ஏன் நீளவில்லை என்பதுதான் அது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் (உண்மையில் பள்ளிக்கூடம்தான் என்னை விட்டது, மழையில் சுவர் விழுந்தது, வாத்தியார் ஊரைவிட்டே போய்விட்டார்) ஆராய்ச்சியில் இறங்கினால் என்ன ஆகும் என்பதை ஸ்ரீவில்லிபுத்தூரில் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்க ஆள் இருக்கிறது.

இப்போது குடுமி வைத்தவனைத்தான் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். நான் இளவட்டமாக இருந்த காலத்தில் நிலைமை தலைகீழ். அந்தக் காலத்தில்தான் நான் கிராப்புத் தலையோடு ஊர் திரும்பினேன். ஆசைப்பட்டு வைத்த கிராப்பு இல்லை. கண்டித் தேயிலைத் தோட்டத்துக்குப் போன இடத்தில் காய்ச்சல் கண்டது. கூலிக்காரர்கள் தங்கும் லயத்தில் என்னோடு படுத்தவர்களில் பாதிப் பேர் எழுந்திருக்கவில்லை. நான் எழுந்துவிட்டேன். தோட்டத்து மருந்துக்காரர் என் தலையை வழித்துவிட்டு, “இனி உன்னால் கூடை தூக்க முடியாது, ஊருக்குப் போ” என்றார். தூத்துக்குடியில் கப்பலைவிட்டு இறங்கி, பாதி நடையும் பாதி மாட்டுவண்டியுமாக இராஜபாளையம் வந்து சேர்ந்தபோது என் தலை, அறுவடை முடிந்த கம்பங்காடு மாதிரி இருந்தது.

இராஜபாளையத்தில் முத்தையா மாமாவுக்குப் பஞ்சை வாங்கிச் சேர்த்துவைக்கும் கிட்டங்கி இருந்தது. வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். என் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். அவர் மகள் பேச்சியம்மாள் எனக்கு முறைப்பெண். அம்மாவும் அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டதால் நானே எனக்காகப் பெண் கேட்டேன். மாமா என் முகத்தைப் பார்க்கவே இல்லை. தலையை மட்டும் பார்த்தார்.

“ஏலே, கிராப்புத் தலையனுக்குப் பொண்ணக் குடுத்தா, ஜெயில்ல இருந்து வந்தவனான்னு ஊர்ல கேப்பான். ஒருத்தனுக்குச் சொல்லலாம், ரெண்டு பேருக்குச் சொல்லலாம். முழம் முடி வரட்டும், பொறவு பேசுவோம்.”

“யாரு முழம் மாமா?”

“எம் முழந்தான்.”

(மாமா நிமிர்ந்து நின்றால் அவர் விரல் நுனி முழங்காலைத் தொடும். பெண்ணைப் பெற்றவர்களுக்குக் கடவுள் இப்படியெல்லாம் கை கொடுக்கக் கூடாது.)

“அதுவரைக்கும் சும்மா இருக்காத. கிட்டங்கியில பொதி மிதி” என்றார். மிதித்தேன்.

பொதி மிதிப்பது என்றால் இதுதான். ஆள் உயரத்துக்கு மேலான சணல் சாக்கை உத்தரத்தில் வாய் திறந்தபடி கட்டித் தொங்கவிடுவார்கள். ஒருவன் அதற்குள் இறங்கிக்கொள்வான். மேலிருந்து பஞ்சைக் கொட்டக் கொட்ட, அவன் காலால் மிதித்து இறுக்குவான். பஞ்சு ஏற ஏற அவனும் உயருவான். கடைசியில் சாக்கு வாய்க்கு மேலே அவன் தலை தெரியும்போது பொதி நிறைந்தது என்று அர்த்தம். உள்ளே மூச்சு முட்டும், பஞ்சுத் தூசியில் இருமல் வரும். தேயிலைத் தோட்டத்து அட்டைக் கடிக்கு இது எவ்வளவோ தேவலை.

முதல் மூன்று வருஷம் முடி ஒழுங்காக வளர்ந்தது. தோளைத் தொட்டது, தோளைத் தாண்டியது. மாதம் ஒருதரம் ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுக்குப் போவேன். மாமா என்னைத் திரும்பி நிற்கச் சொல்லி, உச்சியில் முழங்கையை வைத்து முடியின்மேல் கையை நீட்டுவார். துணிக் கடையில் அளப்பது போல இழுத்து அளப்பார். கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்கும். என் முதுகுக்கு அது கேட்கும், முகத்துக்குப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

முழத்துக்கு நாலு விரற்கடை குறையும்போது முடி நின்றுவிட்டது.

அடுத்த மாதம் நாலு விரற்கடை. அதற்கடுத்த மாதமும் நாலு விரற்கடை. மாமா கையை எடுத்துக்கொண்டு, “முடிக்கு மனசு இல்லபோலத் தெரியுது” என்றார். அதோடு விட்டிருந்தால் சரி. “சாத்தூர்ல இருந்து ஒரு எடம் கேட்டு வந்திருக்காவ. தை வரைக்கும் பாப்பேன்” என்றும் சொன்னார். அப்போது ஆவணி.

ஆராய்ச்சி தொடங்கியது அன்றைக்குத்தான். ஊரில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கிணற்றுத் தண்ணீர் உப்பு என்றார் ஒருவர். வடக்கே தலைவைத்துப் படுக்கிறாய் என்றார் இன்னொருவர். விளக்கெண்ணெய் தேய்த்தேன். வேப்பெண்ணெய் தேய்த்தேன். கரிசலாங்கண்ணியை அரைத்து அப்பிக்கொண்டு வெயிலில் உட்கார்ந்தேன். (ஒரு பசு வந்து நக்கியது. அதற்குப் பலன் இருந்திருக்கலாம், எனக்கு இல்லை.) காலையில் தேய்க்கிற எண்ணெய் மத்தியானத்துக்குள் காணாமல் போய்விடும். தலை வைக்கோல் மாதிரி ஆகிவிடும். சுற்றிலும் பஞ்சுக்குள் நின்றுகொண்டு எண்ணெய் எங்கே போகிறது என்று யோசித்த ஒரே முட்டாள் நானாகத்தான் இருப்பேன்.

கடைசியில் எனக்குச் சந்தேகம் நாவிதர்மேல் போனது. வாரம் ஒருமுறை என் முன்தலையைச் சிரைக்கிறவர் அவர். பின்னால் கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கி, சவுரி கட்டுகிறவர்களுக்குக் கொடுக்கிறாரோ?

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி தோன்றியது. முடியின் நுனியில் அடையாளம் வைத்துவிட்டால்? அடையாளம் இருந்தால் முடி வளரவில்லை. அடையாளம் குறைந்தால் எவனோ வெட்டுகிறான். இந்த யோசனை வந்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. அவ்வளவு பெருமை.

நேரே சாயப்பட்டறைக்குப் போனேன். அங்கே நூலுக்குச் சாயம் போடும் பெரியவர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். சிவப்புச் சாயத் தொட்டியில் என் முடி நுனியை நாலு விரற்கடைக்கு முக்கித் தரும்படி கேட்டதும், தொட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஏமய்யா, நல்லாத்தான இருக்கே?”

“நல்லாத்தான் இருக்கேன். சாயம் வெளுக்கக் கூடாது.”

“எங்க சாயம் சேலை கிழிஞ்சாலும் வெளுக்காது. பொறவு என்னையக் கொறை சொல்லக் கூடாது, ஆமா.”

முக்கி எடுத்தார். அன்றிலிருந்து என் முதுகில் ஒரு கொண்டைக்குருவியின் வால் தொங்கியது. மாமா கண்ணில் படாமல் இருக்கத் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டேன், மாத அளவுக்கும் போகாமல் தட்டிக்கழித்தேன். பொதிக்குள் இறங்கினால் வெக்கையில் துண்டு நிற்காது. அங்கே யார் பார்க்கப் போகிறார்கள் என்று அவிழ்த்துவிடுவேன். முடிச்சுப் போட்டால் முடி வளராதோ என்ற பயத்தில், ஆரம்பத்திலிருந்தே பிடரியில் ஒரு கயிற்றால் கட்டி வாலை அப்படியே தொங்கவிட்டிருந்தேன்.

புரட்டாசி முடிவதற்குள் சிவப்பு பாதியாகக் குறைந்தது. நான் நாவிதர் வீட்டுக்குப் போய் அவர் கத்திப் பெட்டியைத் திறக்கச் சொன்னேன்.

“என்னய்யா தேடுதீய?”

“என் முடி.”

“ஒங்க முடி ஒங்க தலையில இல்லாம எம் பெட்டியில எதுக்கு இருக்கு?” என்றார் அவர். பெட்டியில் கத்தியும் சாணைக்கல்லும் மட்டுமே இருந்தன. “நான் முன்பக்கம் சிரைக்கவன். பின்பக்கம் என்ன நடக்குன்னு நீங்கதான் பாத்துக்கிடணும்.”

அதன்பிறகு கோபத்தில் சிரைக்கவே போகவில்லை. முன்தலையில் கோரை முளைத்தது. பின்னால் சிவப்பு குறைந்துகொண்டே வந்தது. நாவிதர் தொடாமலே குறைந்ததால், என் ஆராய்ச்சி ஒரு நிரபராதியை விடுதலை செய்ததோடு நின்றுவிட்டது.

ஐப்பசியில் பஞ்சு வாங்க ராவுத்தர் வந்தார். தூத்துக்குடிக்குப் பஞ்சு ஏற்றி அனுப்புகிற பெரிய வியாபாரி. அதிகம் பேச மாட்டார். பேசினால் எதிரே இருப்பவர் அதிகம் பேச வேண்டிவரும். அந்த வருஷத்துப் பஞ்சு முழுவதையும் அவருக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று மாமா தலைகீழாக நின்றுகொண்டிருந்தார்.

ராவுத்தர் கையில் ஒரு கொக்கி இருக்கும். பொதியின் நடுவயிற்றில் குத்தி ஒரு பிடி பஞ்சை இழுத்து, வெளிச்சத்தில் பிரித்துப் பார்ப்பார். அன்றும் இழுத்தார், பிரித்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு இரண்டு விரலால் எதையோ உருவி எடுத்தார்.

“முத்தையா, ஒங்க பருத்திக்கு மருதாணி வச்சிருக்கீயளா?”

மாமா கிட்ட வந்து பார்த்தார். வெள்ளைப் பஞ்சில் சிவப்பு முடி. அடுத்த பொதியிலும் குத்தினார்கள். அதிலும். அதற்கடுத்ததில் சிவப்பும் கறுப்புமாகக் கலந்து வந்தது.

“செம்மறி ஆட்டு முடியா இருக்கும் பாய்” என்றார் மாமா.

“ஆடு எண்ணெ தேச்சிக் குளிக்குமா?” என்று ராவுத்தர் முகர்ந்து பார்த்தார். “விளக்கெண்ணெ.”

நான் அப்போது தொங்குகிற சாக்குக்குள், கழுத்துக்கு மேலே வெளியே தெரிய நின்றுகொண்டிருந்தேன். புத்தியுள்ளவன் அசையாமல் நின்றிருப்பான். நான் மறைந்துகொள்வதற்காகச் சட்டென்று உள்ளே குனிந்தேன். உடம்பு குனிந்தது, குடுமி குனியவில்லை. சாக்கு வாயின் சணல் பிசிறில் அது சிக்கிக்கொண்டது. வலி தாங்காமல் எழும்பினேன். மறுபடி பயந்து குனிந்தேன். சாக்கு ஊஞ்சல் மாதிரி ஆடியது. சாக்கின் விளிம்பில், எஞ்சியிருந்த ஒரு துளிச் சிவப்பு மட்டும் எல்லோருக்கும் தெரியும்படி மேலே நின்று ஆடியது.

“அந்தா பாருங்க” என்றார் ராவுத்தர். “சாக்குக்குள்ள சேவல் அடைகாக்குது.”

கிட்டங்கியே சிரித்தது. அந்த நிலையிலும், தலைமுடி பிய்ந்துகொண்டிருக்கும்போதே, எனக்கு விடை கிடைத்துவிட்டது. மிதிக்கும்போது குதிக்கிறேன், ஒவ்வொரு குதிப்புக்கும் குடுமி இந்தச் சணலில் உரசுகிறது. எண்ணெயைப் பஞ்சு உறிஞ்சிவிடுகிறது. காய்ந்த முடி ஒடிகிறது. வேரில் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது. வளர்ந்த அளவு நுனியில் போய்க்கொண்டும் இருக்கிறது. “மாமா, கண்டுபிடிச்சிட்டேன்” என்று சாக்குக்குள்ளிருந்து கத்தினேன். மாமா அதை ரசிக்கும் மனநிலையில் இல்லை.

பஞ்சைச் சுத்தம் செய்து கொடுத்தால் வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு ராவுத்தர் போனார். பொதிகள் எல்லாம் வண்டியேறி ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டு முற்றத்துக்குப் போயின. தெருப் பெண்கள் கூடி உட்கார்ந்து, பஞ்சைப் பிரித்து என் முடியைப் பொறுக்கினார்கள். என்னையும் ஒரு மூலையில் உட்கார்த்திப் பொறுக்கச் சொன்னார் மாமா. பொறுக்கி முடித்ததும் நான் எந்தப் பக்கம் போனாலும் தனக்குச் சம்மதம் என்றும், சாத்தூர் ஆட்களுக்கு ஆள் அனுப்பப் போவதாகவும் சொன்னார். எனக்கு ஊர் மாறுவது புதிதில்லை. ஆனால் அன்றைக்கு முதல்முறையாக, போவதற்கு ஒரு ஊரும் தோன்றவில்லை.

“ஏட்டி, இந்தா ஒன் மாப்பிள்ள” என்று பெண்கள் ஒவ்வொரு முடியாக எடுத்துப் பேச்சியம்மாளிடம் நீட்டினார்கள். அவள் வெட்கப்படவில்லை. எல்லாவற்றையும் வாங்கி, நீளம் பார்த்து, ஒரு வாழைநாரில் கட்டி வைத்துக்கொண்டாள்.

ராவுத்தர் மறுபடி பார்க்க வந்த அன்று, நடுமுற்றத்தில் கட்டிலில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார். பஞ்சு அவருக்குத் திருப்தி. மாமா முகத்தில் அப்போதுதான் ரத்தம் திரும்பியிருந்தது. பேச்சியம்மாள் அந்த முடிக்கட்டோடு வந்து மாமா முன்னால் நின்றாள்.

“ஐயா, முழம் முடி வந்தாப் பொண்ணு தாரேன்னு சொன்னீயல்லா?”

“அதுக்கு இப்ப என்னட்டி?”

“அவிய தலையில இருக்கது நாலு விரக்கடை கொறச்சல். இந்தா, ஒடிஞ்சது நாலு விரக்கடைக்கு மேலயே இருக்கு. ரெண்டையும் சேத்தா முழம் தாண்டியாச்சு.”

“ஒடிஞ்சு விழுந்த முடி கணக்குல சேருமாட்டி?”

“ஏன் சேராது? கிட்டங்கியில தரையில சிந்துன பஞ்சக் கூட்டி அள்ளி நாம பொதி...”

மாமா இருமினார். அப்படி ஓர் இருமலைக் காய்ச்சல் லயத்தில்கூட நான் கேட்டதில்லை. ராவுத்தர் மோர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டு, “என்னம்மா சொன்ன, சிந்துன பஞ்ச?” என்று கேட்டார்.

“ஒண்ணுமில்ல பாய்” என்றார் மாமா. “கல்யாணப் பேச்சு. தை மாசம் வச்சிருக்கோம். நீங்க கட்டாயம் வரணும்.”

தையில் நடந்தது. ராவுத்தர் வந்தார். மாமா அன்று முழுவதும் அவரையும் மகளையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கவிடவில்லை. அன்றைக்கு என்ன சொல்ல வந்தாள் என்பது தெரிந்துதான் சொன்னாளா என்று நான் பேச்சியம்மாளிடம் பலமுறை கேட்டிருக்கிறேன். “ஒங்களுக்கு இன்னும் ஆராய்ச்சி முடியலியா?” என்பதைத் தவிர வேறு பதில் வந்ததில்லை.

ஆனால் அவள் சொன்ன கணக்கு வீட்டில் நிலைத்துவிட்டது. மகன் பரீட்சையில் மார்க்குக் குறைந்து வந்து நின்றால், “மீதி பொதியில கெடக்கு” என்பான். குழம்பில் மீன் துண்டு சிறுத்திருந்தால் பரிமாறுகிறவளும் அதையே சொல்வாள். இப்போது என் தலை முழு வழுக்கை. போன வாரம் புதிதாக வந்த பேரன்பெண்டாட்டி, என் பழைய குடுமியைப் பற்றி யாரோ சொல்லக் கேட்டு, “அம்புட்டு முடியும் எங்க போச்சு தாத்தா?” என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் அடுக்களையிலிருந்தும் முற்றத்திலிருந்தும் மாடியிலிருந்தும் ஒரே நேரத்தில் பதில் வந்துவிட்டது.